இருபது கிலோ

சாவடியில் எங்களை நிறுக்க மாட்டார்கள்,
மூட்டையைத்தான்.
இருபது கிலோ. அதற்கு மேல் சட்டம் விடாது.
முள் இருபத்தொன்றைத் தொட்டதும்
சமையல்காரர் எபிஃபானியோ
அரைப் பரங்கிக்காயை உருவி
என் மேல்சட்டைக்குள் செருகினார்.
அதிகாரி வானத்தைப் பார்த்தார்.
வானம் நன்றாகத்தான் இருந்தது.
திருப்பம் தாண்டியதும் பரங்கிக்காய்
மறுபடி மூட்டைக்குள் போய்விட்டது.

அவர்கள் நடப்பார்கள், நாங்கள் ஓடுவோம்.
காலையில் அவர்கள் கிளம்பிய பின்
கூடாரத்தைப் பிடுங்கி மடித்துக் கட்டி
டயர்ச் செருப்பு தடதடக்க அவர்களைக் கடந்து
அந்திக்குள் அதே கூடாரத்தை
இன்னொரு மலையில் நட்டு வைப்போம்.
வந்து சேர்ந்ததும் கை தட்டுவார்கள்,
விட்டுவந்த வீடு முந்திக்கொண்டதற்காக.

இரண்டாம் நாள் கணவாய்.
நான்காயிரத்து இருநூறு மீட்டர்.
அங்கே காற்று கஞ்சன், கேட்டதில் பாதிதான் அளப்பான்.
மூன்று கோக்கா இலைகளை விசிறிபோல் பிடித்து
மலையின் பக்கம் ஊதிவிட்டு
கன்னத்தில் அடக்கிக்கொண்டேன்.
டென்மார்க்கிலிருந்து வந்த பிர்கிட்டும் ஊதினாள்,
பாதி இருமலாய்.
மலை அதையும் வாங்கிக்கொண்டிருக்கும்.
எனக்குத் தெரிந்த மலை, அவ்வளவு கறார் கிடையாது.

இரவில் வழிகாட்டி பொர்ஃபிரியோ
அரசர்களைப் பற்றிச் சொல்வான்.
கத்தி நுனி நுழையாத கல் இடுக்கு,
சூரியனுக்கென்று திறந்த ஜன்னல்.
பாத்திரம் கழுவியபடி கேட்பேன்.
தண்ணீரில் விரல் மரத்துப்போகும்.
எத்தனை தடவை சொன்னாலும் அந்தக் கதையில்
யாரும் எதையும் சுமப்பதில்லை.

கடைசி விடியலில்
அவர்கள் டார்ச்சோடு வரிசையாய் ஏறுவார்கள், நகரத்துக்கு.
நாங்கள் மறுபக்கம் சரிந்து இறங்குவோம்,
ஐந்தரை ரயிலுக்கு.
ஐம்பத்தேழு பயணம்.
ஐம்பத்தேழு தடவையும் நகரம் பார்த்தது என் முதுகை.

இந்தத் தடவை பிர்கிட்டின் முழங்கால்
ரொட்டி மாவுபோல் உப்பிவிட்டது.
'அதனாசியோ, நீ' என்றான் பொர்ஃபிரியோ.
போர்வையில் கட்டி முதுகில் ஏற்றினார்கள்.
இங்கே தராசு கிடையாது.
ஒவ்வொரு படிக்கும் அவள் ஸ்பானிய மொழியில்
மன்னிப்புக் கேட்டாள்.
இருநூறு வரை எண்ணினேன்,
பிறகு விட்டுவிட்டேன்.

சூரிய வாசலில் எல்லோரும் ஒரே குரலில் 'ஆ' என்றார்கள்.
அவள் மூச்சு என் காதருகே நின்றது.
பிடரியில் சூடாக ஒரு சொட்டு.
தலை தூக்கினால் கால் போய்விடும்.
தூக்கவில்லை.
'அழகாக இல்லையா?' என்றாள்.
'ஈரமாக இருக்கிறது' என்றேன்.
அவள் சிரித்ததில் போர்வை முடிச்சு
இன்னும் இறுகியது.

ரயில் போய்விட்டது.
தண்டவாளத்தோரம் நடந்து, பிறகு லாரி,
வீடு சேர ஒன்றரை நாள்.

நைதா பள்ளிக்கூடத்துக்குப் படம் வரைகிறாள்.
'உள்ளே போனீங்களாமே, நகரம் எப்படி?'
யோசித்தேன்.
வாசலில் இருந்து இறங்கும் வழியில் ஒரு படி,
ஓரத்தில் பாசி, பக்கத்தில் ஒரு நத்தை.
அந்தப் படி தேய்ந்திருக்கிறது, கரண்டிக் குழிபோல.
நடுவில் இல்லை.
இடது ஓரம், சுவரை ஒட்டி.
கை வீசி நடப்பவன் நடுவில் இறங்குவான்.
முதுகில் பாரம் உள்ளவன்தான்
சுவரைத் தடவிக்கொண்டு ஓரமாய் வருவான்.
என் பாதத்தை அதில் வைத்தேன்.
குழி ஒரு விரல் பெரியது.

அவள் ரப்பரால் கோபுரத்தை அழித்தாள்.
நத்தை எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கேட்டாள்.
மேலே என்றேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
'அந்த அம்மா எத்தனை கிலோ?'